புல்லருக்கும் டிரெய்லருக்கும் வெளிமார்க்கெட் ஸ்பேர்: அளந்து வாங்கிய வேலைப் பதிவு

வண்டி: செகண்ட்ஹேண்டில் வந்த 4×2 புல்லர் (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி), பின்னால் மூன்று ஆக்ஸில் 40 அடி ஸ்கெலிட்டல் டிரெய்லர் (கன்டெய்னர் உட்காரும் வெறும் சட்டம்). கரூர், திருப்பூர் பக்கமிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கப் போகிறது. 2018-ல் மத்திய அரசு ஆக்ஸிலுக்கான அனுமதி எடையை உயர்த்திய பிறகு இந்த அமைப்புக்கு மொத்த எடை 45.5 டன்: முன் ஆக்ஸிலுக்கு 7, டிரைவ் ஆக்ஸிலுக்கு 11.5, டிரெய்லர் ஆக்ஸில் மூன்றுக்கும் சேர்த்து 27. எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) முன் கப்ளிங், பிரேக், வீல், வயரிங் எல்லாம் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. எந்தப் பாகத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுத்தது, எங்கே மலிவுக்குப் போகலாம், எங்கே கூடாது என்பது கீழே.

முதலில் பிளேட், பிறகு கடை

புல்லருக்கு ஸ்பேர் எடுப்பது சுலபம். சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் பார்ட் நம்பர் வந்துவிடும். அதே நம்பருக்கு வெளிமார்க்கெட்டில், அதாவது வண்டிக் கம்பெனிக்கு வெளியே, யார் யார் செய்கிறார்கள் என்று பார்த்தால் போதும். டிரெய்லருக்கு இந்த வழி செல்லாது. பிறக்கும்போதே அது வெளிமார்க்கெட் வண்டி. ஆக்ஸில் ஒரு கம்பெனி, வால்வு இன்னொரு கம்பெனி, லேண்டிங் லெக் (கழற்றி நிறுத்தும்போது தாங்கும் கால்) வேறொன்று. நாமக்கல்லில் கட்டினாலும் சரி, வேறெங்கு கட்டினாலும் சரி, பாடி பட்டறை அன்று கையில் இருந்ததை மாட்டியிருக்கும். ஆர்சியில் உள்ள பெயரைச் சொல்லி "அந்த டிரெய்லருக்கு லைனர் கொடுங்க" என்றால் கடைக்காரர் எடுத்துத் தருவது ஒரு ஊகம்தான்.

ஆக்ஸில் பீமில் பிளேட் இருக்கும். டீசல் துணியால் சேற்றைத் துடைத்து, கம்பி பிரஷ் போட்டு, மேலே சாக்பீஸைத் தேய்த்து லேசாகத் துடைத்தால் பதித்த எழுத்து வெள்ளையாக எழும்பி நிற்கும். மாடல், சீரியல் நம்பர், தாங்கும் எடை மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளவும். மூன்று ஆக்ஸிலையும் தனித்தனியாகப் பார்க்கவும். பழைய டிரெய்லரில் நடு ஆக்ஸில் மட்டும் மாறியிருப்பது சாதாரணம்.

பிளேட் போய்விட்டால் அளவுதான் கதி. பிரேக் மிதித்தால் காற்று பூஸ்டரின் ராடைத் தள்ளும், ராடு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற கையைத் திருப்பும், அது கேம் ஷாஃப்ட்டைச் சுற்றி, லைனர் அடித்த ஷூவை டிரம்மில் அழுத்தும். டிரம்மின் உள் விட்டம், ஷூ அகலம், லைனரின் ரிவெட் துளை எண்ணிக்கை, ஸ்லாக் அட்ஜஸ்டர் கையின் நீளம் இவ்வளவும் வேண்டும். கேம் ஷாஃப்ட் ஒன்றரை இன்ச் என்று சொன்னால் போதாது. அதே ஒன்றரை இன்ச்சில் 10 பல்லும் உண்டு, 28 பல்லும் உண்டு. பல்லை எண்ணி எழுதிக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம்.

இன்னொரு இடம் பூஸ்டர் ராடின் மரை. 5/8 இன்ச்சில் இன்ச்சுக்கு 18 சுற்று உள்ள மரையும் எம்16×1.5 மரையும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். விட்டம் 15.9-க்கும் 16-க்கும் உள்ள வித்தியாசம். மரை இடைவெளி 1.41 மி.மீ.க்கும் 1.5 மி.மீ.க்கும் உள்ள வித்தியாசம். ராடின் நுனியில் ஏறும் கவட்டையான கிளெவிஸைத் தவறாக மாட்டினால் இரண்டு மூன்று சுற்று கையால் ஏறும், அப்புறம் பிடிக்கும். பிடித்ததும் ஸ்பேனர் போட்டு ஏற்றினால் மரை மழுங்கிவிடும். பிரேக் விசை முழுவதையும் தாங்க வேண்டிய மரை அது. கையால் கடைசி வரை ஏறாத கிளெவிஸைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடவும்.

கிங் பின், பிஃப்த் வீல்

டிரெய்லருக்கு அடியில் நிற்கும் கிங் பின்னை, புல்லரின் மேல் உள்ள பிஃப்த் வீல் தட்டு தன் ஜாவால் (தாடையால்) கவ்விப் பிடிக்கும். இது 2 இன்ச் கிங் பின். புதிதில் ஜா பிடிக்கும் கழுத்து 50.8 மி.மீ., அதற்கு மேலே உள்ள தடித்த பகுதி 73 மி.மீ. கழுத்து 49-க்கும், தடித்த பகுதி 71-க்கும் கீழே தேய்ந்தால் மாற்ற வேண்டும். வெர்னியரை நீளவாக்கில் ஒரு முறை, குறுக்கில் ஒரு முறை வைத்து அளக்கவும். இழுவையும் பிரேக்கும் முன்பின் திசையில்தான் வருகிறது, அதனால் கிங் பின் வட்டமாகத் தேயாமல் முட்டை வடிவில் தேயும். குறுக்கில் மட்டும் அளந்தால் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

தேய்ந்த பின்னில் வெல்டிங் ராடு ஓட்டி, கிரைண்டரில் வட்டம் கட்டித் தருகிற பட்டறைகள் உண்டு. செய்யவே கூடாது. சூடு வாங்கிய எஃகு கடினமாகி விரிசல் விடும், அந்த விரிசல் கிரீஸுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது. போல்ட் டைப் பின்னாக இருந்தால் கழற்றிப் புதியது போடலாம். வெல்ட் டைப் என்றால் டிரெய்லர் பிளேட்டோடு சேர்த்துச் செய்யத் தெரிந்த இடத்தில் மட்டும் கொடுக்கவும். இந்த ஒரு பாகத்துக்கு விலை பேசாதீர்கள்.

பிஃப்த் வீலுக்கு ரிப்பேர் கிட் வாங்கும்போது மேல் தட்டில் வார்த்திருக்கும் மாடல் நம்பரைப் பார்க்கவும். ஜா, லாக் பார், ஸ்பிரிங், ரப்பர் புஷ் எல்லாம் அந்த மாடலுக்கு உரியவை. பழைய ஜாவை வைத்துக்கொண்டு லாக் பாரை மட்டும் மாற்றினால் ஆட்டம் அப்படியே இருக்கும். மாட்டிய பிறகு டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு புல்லரை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கவும். "டக்" என்று அடித்தால் அட்ஜஸ்ட்மென்ட் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். அட்ஜஸ்ட்மென்ட் முடிந்துபோயும் அடித்தால் பின்னை மறுபடி அளக்க வேண்டியதுதான்.

பிரேக்

பூஸ்டரின் டைப் நம்பர் என்பது டயாபிரம்மின் பயன்படும் பரப்பு, சதுர இன்ச்சில். டைப் 30-ல் 100 பிஎஸ்ஐ காற்று விட்டால் 3000 பவுண்டு, ஏறத்தாழ 1360 கிலோ விசை. டைப் 24-ல் 2400 பவுண்டு. ஒரே ஆக்ஸிலில் இடது பக்கம் 24, வலது பக்கம் 30 மாட்டினால் வலது சக்கரம் கால் பங்கு கூடுதலாகப் பிடிக்கும். கடையில் 24 இல்லை, 30 இருக்கிறது, "எல்லாம் ஒண்ணுதான்" என்பார்கள். போல்ட் துளை பொருந்தும் என்ற அளவில் மட்டும் அது ஒன்று. ஸ்லாக் கையிலும் இதே கணக்கு: விசையைக் கை நீளத்தால் பெருக்கினால்தான் கேமுக்குப் போகும் முறுக்கு. 5.5 இன்ச் கைக்குப் பதில் 6 இன்ச் போட்டால் அந்தச் சக்கரத்துக்கு 9 சதவீதம் கூடும்.

ஸ்ட்ரோக் (ராடு வெளியே வரும் நீளம்) பார்க்கும் முறை: பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ராடு பூஸ்டரிலிருந்து வெளிவரும் இடத்தில் சாக்பீஸ் கோடு. 6 முதல் 7 பார் காற்றில் ஒருவர் பிரேக் மிதித்துப் பிடிக்க, கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கவும். சாதாரண டைப் 30-க்கு 51 மி.மீ., டைப் 24-க்கு 45 மி.மீ. தாண்டக் கூடாது. ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டர் உள்ள ஆக்ஸிலில் தாண்டினால் ஸ்பேனரால் திருகி முடித்துவிட்டுப் போகக் கூடாது. ஆட்டோ தானாகச் சரிசெய்யாததற்குக் காரணம் தேய்ந்த கேம் புஷ், தேய்ந்த கிளெவிஸ் பின், அல்லது அட்ஜஸ்டரே. கையால் திருகினால் எஃப்சி அன்று சரியாக இருக்கும், சில நாளில் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

காற்று இறங்கினால் ஸ்பிரிங்கால் தானே பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக் பூஸ்டரின் பின்பாதியை யாரும் பிரிக்க வேண்டாம். உள்ளே நசுங்கி நிற்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் அளவு விசையுள்ளது. கேஜிங் போல்ட்டால் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டிய பிறகே பூஸ்டரை ஆக்ஸிலிலிருந்து கழற்றவும். புதியது வாங்கும்போது அந்த போல்ட் கூடவே வருகிறதா என்று பெட்டியைத் திறந்து பார்க்கவும். நடுவழியில் காற்று இறங்கி வண்டி பிடித்து நின்றால் அதுதான் வேண்டும்.

லைனரில் வெளிமார்க்கெட் தாராளமாக நல்லது. சென்னையிலேயே பெரிய லைனர் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பார்க்க வேண்டியது விளிம்பில் அச்சிட்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்து. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே இருந்தால், சூடு ஏறும்போது பிடிப்பு குறையும். பெருந்துறை மாதிரி சமவெளி ஓட்டத்தில் அது தெரியாமல் போகலாம். தொப்பூர் இறக்கத்தில் தெரியும். எழுத்தே இல்லாத லைனர் எந்த விலைக்கும் வேண்டாம். ஒரு ஆக்ஸிலில் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே கம்பெனி, ஒரே கிரேடு.

டிரம்மில் அதிகபட்ச விட்டம் வார்த்திருக்கும். லேத்தில் கடைந்து அதைத் தாண்டினால் பழைய இரும்புக் கடைதான். தாண்டவில்லை என்றாலும் கடைந்த டிரம்முக்கு ஸ்டாண்டர்டு லைனர் போட்டால் நடுப்பகுதி மட்டும் தொடும், கொஞ்ச நாள் பிரேக் பஞ்சு மாதிரி இருக்கும். ஓவர்சைஸ் லைனர் கேட்டு வாங்கவும். ரிவெட் அடித்த பின் ஷூவுக்கும் லைனருக்கும் இடையில் மெல்லிய ஃபீலர் பிளேடு நுழைந்தால் அடித்தது சரியில்லை. அந்த இடைவெளியில் துரு ஏறி லைனரை வெடிக்க வைக்கும்.

காற்று ஹோஸ் விஷயம் சுருக்கமாக: நைலான் டியூபைக் கட்டரால் நேராக வெட்டவும். ஹேக்ஸா பிளேடால் கோணலாக அறுத்து புஷ் ஃபிட்டிங்கில் சொருகினால் ஓ-ரிங் கீறும், கசியும். சிவப்பு சப்ளை, மஞ்சள் சர்வீஸ். கப்ளிங் ஹெட்டின் ரப்பர் வாஷர் மிகச் சின்னப் பொருள், ஒரு பாக்கெட் கேபினிலேயே கிடக்கட்டும். சோதனைக்கு அமெரிக்க ஓட்டுநர் உரிமத் தேர்வின் அளவை வைத்துக்கொள்ளலாம்: எஞ்சின் அணைத்து, பிரேக் மிதிக்காமல் 1 நிமிடத்தில் 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது, மிதித்துப் பிடித்தால் 4. டிரெய்லர் சேர்ந்த வண்டிக்கு அது.

வீல், டயர்

10 ஸ்டட், 335 மி.மீ. பிசிடி (ஸ்டட்கள் நிற்கும் வட்டத்தின் விட்டம்), எம்22×1.5 மரை. டிஸ்க் ஹப்பில் உட்காரும் வகையா, நட்டின் கூம்பில் உட்காரும் வகையா என்று பார்த்துதான் நட் வாங்க வேண்டும். தட்டை வாஷர் உள்ள ஃபிளாஞ்சு நட்டைக் கூம்புத் துளை டிஸ்க்கில் போட்டாலும், கூம்பு நட்டைத் தட்டை டிஸ்க்கில் போட்டாலும் முடுக்கும்போது இறுகும், ஓட ஓடத் தளரும். இந்த வகைக்கு முடுக்கு அளவு 600 நியூட்டன் மீட்டர் பக்கம். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 61 கிலோ தொங்குவது போல. இம்பாக்ட் கன் அதைவிடப் பல மடங்கு அடித்து ஸ்டட்டை இழுத்துவிடும். கடைசி முடுக்கு டார்க் ரெஞ்சில் இருக்கட்டும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு சுற்று.

எஃப்சிக்காக டிஸ்க்குக்குப் பெயின்ட் அடிக்கிற பழக்கம் இருக்கிறதே, அதில் ஒரு வினை உண்டு. ஹப்பும் டிஸ்க்கும் சேரும் முகத்திலும் நட் உட்காரும் இடத்திலும் இரண்டு மூன்று கோட் பெயின்ட் தடிமனாக நின்றால், ஓட்டத்தில் அது நசுங்கி ஸ்டட்டின் இழுவிசை போய்விடும். வெளியே பளபளவென்று இருக்கும், நட் கையால் சுற்றும். அந்த முகங்களை மறைத்துவிட்டுப் பெயின்ட் அடிக்கவும், அடித்துவிட்டிருந்தால் சுரண்டவும். மஞ்சள் பிளாஸ்டிக் நட் இண்டிகேட்டர் வாங்குவது வீண் செலவில்லை. முனைகள் எதிரெதிரே பார்க்கும்படி மாட்டினால், டீக்கடையில் நிறுத்தும்போது ஒரு பார்வையிலேயே தளர்ந்த நட் தெரியும்.

பேரிங்கில் கோனும் (உள் வளையம்) கப்பும் (வெளி வளையம்) சேர்ந்துதான் மாற்ற வேண்டும். பழைய கப்பில் புது கோன் போட்டால் பழைய தடத்தில் ஓடி அதுவும் சீக்கிரம் போகும். ஹப் ஆக்ஸில் வாக்கில் உள்ளும் வெளியும் ஆடும் ஆட்டம் டயல் கேஜில் 0.025-லிருந்து 0.125 மி.மீ.க்குள் இருந்தால் சரி. சீலைச் சுத்தியலால் ஒரு பக்கமாகத் தட்டி ஏற்ற வேண்டாம். சாய்ந்து உட்கார்ந்தால் கிரீஸ் நேராக லைனருக்குப் போகும்.

ஜோடி டயரில் இரண்டும் ஒரே உயரம் வேண்டும். விட்ட வித்தியாசம் 6 மி.மீ.க்குள், அதாவது டேப் சுற்றி அளந்தால் 19 மி.மீ.க்குள். அதற்கு மேல் போனால் பெரியது சுமையைத் தூக்கும், சின்னது ரோட்டில் தேய்த்துக்கொண்டே வரும், இரண்டும் கெடும். ரீட்ரெட் டயர் டிரெய்லரில் ஓடட்டும், முன் ஆக்ஸிலில் வேண்டாம்.

எஞ்சின் பக்கம்

இங்கே சொல்ல அதிகம் இல்லை. ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் நல்ல வெளிமார்க்கெட் கம்பெனியில் வாங்கலாம். டீசல் ஃபில்டரில் மட்டும் விளையாட வேண்டாம், காமன் ரெயில் இன்ஜெக்டருக்கு நுண்ணிய தூசும் ஒரு சொட்டுத் தண்ணீரும் எமன். அசல்தானா என்று பெட்டியில் உள்ள குறியீட்டைச் சுரண்டிச் சரிபார்க்கும் வசதி இருந்தால் கடையிலேயே செய்யவும். ஏர் ஃபில்டரின் உள் எலிமென்ட்டை ஊதிச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். சந்தேகம் இருந்தால் டர்போவுக்குப் போகும் பைப்பைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். தூசு ஒட்டினால் ஃபில்டரோ கிளாம்போ ஏமாற்றுகிறது.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டி என்றால் ஆட்புளூ: 32.5 சதவீத யூரியா, ஐஎஸ்ஓ 22241 தரம். வயல் யூரியாவைத் தண்ணீரில் கலக்கி ஊற்றினால் அதிலுள்ள அழுக்கு இன்ஜெக்டரையும் கேட்டலிஸ்ட்டையும் அடைக்கும். மிச்சம் பிடித்த காசு சென்சார் ஒன்றுக்குக்கூடக் காணாது.

வயரிங்

புல்லருக்கும் டிரெய்லருக்கும் இடையே உள்ள 24 வோல்ட் 7 பின் பிளக் ஐஎஸ்ஓ 1185. 1 எர்த் வெள்ளை, 2 இடது பார்க் கருப்பு, 3 இடது இண்டிகேட்டர் மஞ்சள், 4 பிரேக் லைட் சிவப்பு, 5 வலது இண்டிகேட்டர் பச்சை, 6 வலது பார்க் பழுப்பு, 7 டிரெய்லர் பிரேக் கட்டுப்பாடு நீலம். பழைய டிரெய்லரில் கலர் நிறைய தடவை மாறியிருக்கும். நிறத்தை நம்பாமல் பின் நம்பரை வைத்து டெஸ்ட் லாம்ப்பால் பார்க்கவும்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறதா? எர்த் போய்விட்டது, பல்பு மாற்றி மாற்றிப் பயனில்லை. வெள்ளை வயர் எங்கோ அறுந்து, மின்சாரம் கிங் பின் கிரீஸ் வழியாகவும் அடுத்த பல்பின் இழை வழியாகவும் சுற்றிப் போகிறது. பிளக்கிலிருந்து பின் லைட் வரை 4 சதுர மி.மீ. எர்த் வயர் ஒன்று தனியாக இழுத்துவிட்டால் இந்தத் தலைவலி தீரும்.

எல்இடி லைட் மாட்டியதும் இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக அடிக்கும். 21 வாட் பல்புக்காகச் செய்த ஃபிளாஷர், 3 வாட் எல்இடியைப் பார்த்து பல்பு போய்விட்டதாக எண்ணிக்கொள்கிறது. பழைய வண்டியில் எல்இடிக்கான 24 வோல்ட் ஃபிளாஷர் போட்டால் முடிந்தது. கன்ட்ரோல் யூனிட் உள்ள புது வண்டியில் தனி ஃபிளாஷர் இருக்காது, பல்பு சுமையைப் போலிசெய்யும் சர்க்யூட் உள்ளேயே இருக்கும் லைட்டை வாங்க வேண்டும்.

மொபைல் சார்ஜர், மியூசிக் சிஸ்டத்துக்கு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது எலக்ட்ரீஷியன்களின் குறுக்குவழி. அந்த ஒரு பேட்டரி எப்போதும் பாதிச் சார்ஜில் கிடந்து சல்ஃபேட் பிடிக்கும். மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் வாங்கித் தண்ணீரைக் கொதிக்க விடும். இரண்டும் சேர்ந்து போகும். 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடவும், ஃபியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்கவும்.

மேலலங்காரம்

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் என்2, என்3 வகை (3.5 டன்னுக்கு மேற்பட்ட) லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். பழைய வண்டிக்கு எஞ்சின் அணைத்தும் ஓடும் 24 வோல்ட் கூரை ஏசி மாட்டுபவர்கள் முதலில் கணக்குப் போடவும். 35 ஆம்பியர் இழுக்கும் ஏசி, 150 ஏஎச் பேட்டரி ஜோடி. பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி ஆயுள் போய்விடும், எனவே கையில் உள்ளது 75 ஏஎச். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். துறைமுக கேட்டில் இரவு முழுவதும் ஓடும் என்று விற்பவர் சொன்னால், எத்தனை பேட்டரியில் என்று கேளுங்கள். ஆல்டர்னேட்டரின் ஆம்பியரையும் பாருங்கள்.

முன்னால் இரும்பு பம்பர் கார்டு வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் அவற்றை அகற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கூடும் எடையும் சரக்கிலிருந்துதான் கழியும். பாட்டுப் பாடும் ஹார்னுக்கும் மத்திய மோட்டார் வாகன விதி 119 இடம் தராது.

ரிஃப்ளெக்டர் டேப் முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு, அகலம் 50 மி.மீ. வாகனத் தரமான ஏஐஎஸ்-090 அங்கீகாரக் குறி டேப்பிலேயே இடைவெளி விட்டு அச்சாகியிருக்க வேண்டும். ஸ்கெலிட்டல் டிரெய்லரில் டேப் உரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் அடியில் உள்ள எண்ணெய்ப் பசையும் உதிரும் பெயின்டும். கழுவி, காயவைத்து, தளர்ந்த பெயின்டைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து ஒட்டவும். ஈரம் காயாத காலை நேரத்தில் ஒட்டினால் மூலை எழும்பும். பின் அண்டர்ரன் கார்டு (மோதும் வண்டி அடியில் புகாமல் தடுப்பது), பக்கவாட்டுக் கார்டு இரண்டுக்கும் தரையிலிருந்து கீழ்விளிம்பு 550 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, காலி வண்டியில் அளந்து.

முதல் லோடு ஏற்றி ஓட்டியபின் நிறுத்தியதும் டிரெய்லரின் ஆறு ஹப்பையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பார்க்கவும். மற்ற ஐந்தும் ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால், ஜாக்கி போட்டு அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றவும். இழுத்துச் சுற்றினால் லைனர் உரசுகிறது, ஸ்லாக்கைப் பார்க்கவும். தாராளமாகச் சுற்றிக் கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங், அன்றே பிரிக்கவும். ஒன்று மட்டும் மற்றதைவிடக் குளிர்ந்து இருந்தாலும் விட வேண்டாம், அந்தச் சக்கரத்தில் பிரேக் வேலை செய்யவில்லை.